ஒரு குளிசை, நாற்பது இழுப்பு

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் கைப்பிடி உடைந்த வெள்ளிநிறக் கிண்ணம் ஒன்று நிற்கிறது. 1989 இல் மாவட்ட மட்டப் போட்டியில் 1500 மீற்றர் ஓடி இரண்டாவதாக வந்ததற்குத் தந்தது. அன்றைக்கு விடிய, மட்டக்களப்புக்கு பஸ் ஏறுமுன், அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளைக் குளிசை ஒன்றை வைத்து, இஞ்சி போட்ட தேத்தண்ணியைக் குடிக்கத் தந்தார். "முட்டு வராது புள்ள, பயப்படாம ஓடு" என்றார். அது சல்பியூட்டமோல், 4 மில்லிகிராம். ஏழு வயதிலிருந்து எனக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. உப்பு, மிளகாய்த்தூள் மாதிரி அந்தக் குளிசையும் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும்.

ஓட்டம் தொடங்கும் கோட்டில் நின்றபோது விரல்கள் நடுங்கின. நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் என்று நினைத்தேன். குளிசையின் வேலை அது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்றைய விதியை வைத்து அன்று என்னைச் சோதித்திருந்தால் அந்தக் கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

நான் சித்தாண்டியில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வீரர் எவராவது ஆஸ்துமா மருந்தில் மாட்டிக்கொண்ட செய்தி வந்தால் ஆசிரியர் அறையில் என்னிடம்தான் கேட்பார்கள்: "டீச்சர், பம்ப் அடிச்சிப்போட்டு ஓடுறது களவு இல்லையா?" அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்ததில்லை. எங்கள் ஊரின் வயலையும் காற்றையும் பாமசியையும் சொல்லாமல் அந்தப் பதில் முழுமையாகாது.

சித்தாண்டிக்கு மேற்கே சந்தனமடு ஆறு. ஆற்றுக்கு அப்பால் பெருமாவெளி, ஈரளக்குளம் என்று வயல் விரிந்து கிடக்கிறது. பெரும்போக வெட்டுத் தொடங்கினால் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் ஊரே தூசிக்குள்தான் இருக்கும். வெட்டு மெசின் போகும் பக்கமெல்லாம் சுணை பறக்கும். வெட்டின நெல்லைத் தார் றோட்டின் ஓரத்தில் காயப்போடுவார்கள். வாகனம் போகப் போகப் பதரும் தூசியும் எழும்பும். பின்னேரத்தில் வைக்கோல் எரிக்கிற புகை தாழ்வாக வந்து வீடுகளுக்குள் படியும். பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி நடப்பதும் இதே மூன்று மாதத்தில்தான். அதற்கு முன்னோடியாக மரதன். சித்தாண்டியிலிருந்து மாவடிவேம்பு, வந்தாறுமூலை, கொம்மாதுறை என்று செங்கலடி வரைக்கும் பிள்ளைகள் அந்த நெல்லின் ஓரமாகவே வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வருடத்தில் காற்று மிக மோசமாக இருக்கிற கிழமைகளையே நீண்ட ஓட்டத்துக்குத் தேர்ந்து வைத்திருக்கிறோம். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தபோது எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். மூச்சைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது மனிதன் மூக்கால் மூச்சு விடுகிறான். மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடித்து உள்ளே அனுப்புகிறது. கடுமையாக ஓடும்போது நிமிடத்துக்கு நூறு லீற்றருக்கு மேல் காற்று வேண்டும். அவ்வளவையும் மூக்கால் இழுக்க முடியாது, வாய் திறந்துவிடும். உலர்ந்த, வடிக்காத காற்று நேரே சுவாசக் குழாய்க்குள் போய் அதன் உட்புறத்து ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஈரம் குறையக் குறைய அங்கேயுள்ள உயிரணுக்கள் ஹிஸ்டமின் போன்றவற்றை வெளியே விடுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. பெரும்பாலும் ஓடி முடித்து ஐந்து, பத்து நிமிடத்தில்தான் இது உச்சத்துக்கு வரும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. ஓடும்போது நன்றாக ஓடினான், முடிந்த பிறகு கொஞ்சம் இருமினான், அவ்வளவுதானே என்று விட்டுவிடுகிறோம். அப்படி நான் விட்டுவிட்ட பிள்ளைகளின் முகங்கள் இப்போதும் நினைவுக்கு வருகின்றன. "பஞ்சி பிடிச்சவன்" என்று நான் ஏசிய ஒருவன் உட்பட.

அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். ஆற்றுக்கு அப்பால் தகப்பனுக்கு மூன்று ஏக்கர் வயல். பையன் வெட்டுக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வரவே மாட்டான், வந்தால் எல்லோரையும் விட வேகமாக ஓடுவான். ஆனால் ஒரே ஒரு நாள்தான் ஓடுவான். மறுநாள் கேட்டால் கால் வலி என்பான். ஒருநாள் பயிற்சி முடிந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவனைப் பார்த்தேன். இரண்டு தோளும் காது வரைக்கும் உயர்ந்திருந்தன. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. எனக்கு அந்த இருப்பு நன்றாகத் தெரியும். சிறுவயதில் எத்தனையோ இரவு நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். தெரிந்திருந்தும் ஒன்றரை வருடம் அவனைப் பஞ்சிக்காரன் என்று நினைத்திருக்கிறேன். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆசுபத்திரிக் கிளினிக்கில் சேர்த்தோம். கொப்பி போட்டு, தினமும் இழுக்க ஒரு மருந்தும், அவசரத்துக்கும் ஓடுமுன் அடிக்கவும் நீல நிறப் பம்ப்பும் தந்தார்கள். நாலு மாதத்தில் பையன் வேறு ஆளாகிவிட்டான். 5000 மீற்றரில் வலய மட்டம் முதலாவது, மாவட்ட மட்டம் இரண்டாவது. 2016 இல் மாகாணப் போட்டிக்குப் போனோம்.

ஓட்டத்துக்குக் கால்மணித்தியாலம் முன்பு, சொல்லிக்கொடுத்தபடி, அவன் பையிலிருந்து பம்ப்பை எடுத்தான். பக்கத்தில் நின்ற வேறொரு அணிப் பொறுப்பாளர் கண்டுவிட்டார். "ஊக்கமருந்து பாவிக்கிறான்" என்று கூப்பாடு போட்டார். நடுவர் ஒருவர் வந்து பம்ப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். "போட்டி முடியத் தாறன், இல்லாட்டி ஓட விட ஏலாது" என்றார். எனக்கு விதி தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்திருக்க மாட்டேன். தெரியாததால் தலையாட்டினேன். அவனும் தலையாட்டினான்.

5000 மீற்றர் என்றால் மைதானத்தைப் பன்னிரண்டரைச் சுற்று. ஏழாவது சுற்று வரைக்கும் இரண்டாவதாக வந்தான். எட்டாவதில் வாய் நீலித்தது. ஒன்பதாவதில் தடத்தை விட்டு விலகிப் புல்லில் உட்கார்ந்தான். பம்ப் மைதானத்தின் மறுபக்கத்தில் நடுவர் மேசையில் இருந்தது. நாற்பது வயது கடந்த நான் அன்று ஓடிய ஓட்டம்தான் என் வாழ்நாளில் நான் ஓடிய மிக வேகமான ஓட்டமாக இருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "டீச்சர், என்னக் கள்ளனப் பாக்கிற மாதிரிப் பாத்தாங்க."

அடுத்த மாதம் உட்கார்ந்து விதியைப் படித்தேன். இங்கிலிஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். 2010 ஆம் ஆண்டிலிருந்தே பம்ப்பால் இழுக்கும் சல்பியூட்டமோலுக்கு முன்கூட்டிய அனுமதி தேவையில்லை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் சொல்லியிருக்கிறது. அளவு மட்டும்தான் உண்டு. இப்போதைய விதிப்படி 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணித்தியாலத்திலும் 600 க்கு மேல் போகக்கூடாது. சாதாரண நீலப் பம்ப்பின் ஓர் இழுப்பு 100 மைக்ரோகிராம். ஆக ஒரு நாளைக்குப் பதினாறு இழுப்பு, எட்டு மணித்தியாலத்தில் ஆறு. என் பையன் எடுக்க இருந்தது இரண்டே இரண்டு. நடுவர் பறித்தது அவனுடைய உரிமை.

விதியின் மற்றப் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இழுக்கும் மருந்துக்குத்தான் இந்தச் சலுகை. அதே சல்பியூட்டமோலைக் குளிசையாக விழுங்கினால், பாணியாகக் குடித்தால், போட்டி நாளிலும் தடை, போட்டியில்லாத நாளிலும் தடை. 4 மில்லிகிராம் குளிசை என்றால் 4000 மைக்ரோகிராம். ஒரு குளிசைக்குள் நாற்பது இழுப்பு இருக்கிறது. ஆசுபத்திரியில் நெபுலைசர் பிடிக்கும்போது பெரியவர்களுக்கு ஒரு தரத்துக்குப் போடுவது 2.5 அல்லது 5 மில்லிகிராம். அதுவும் எல்லையைத் தாண்டிவிடும், அதற்குச் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு என்ற கடிதம் வாங்க வேண்டும், அவசரமென்றால் பிறகாவது வாங்க வேண்டும். முட்டு கடுமையானால் ஐந்து நாளைக்குத் தருகிற பிரெட்னிசலோன் குளிசைக்கும் போட்டிக் காலத்தில் தடை.

இந்தக் கோடு எதற்கென்று படித்தபோது அதில் எனக்குக் குறை தெரியவில்லை. இழுக்கும்போது மருந்து நேரே குழாய்க்குப் போகிறது, இரத்தத்தில் கலப்பது கொஞ்சம். விழுங்கும்போது உடம்பு முழுவதும் பரவித்தான் நுரையீரலுக்கு வருகிறது. அதனால்தான் என் விரல் நடுங்கியது. பெரிய அளவில் உடம்பில் ஏறினால் தசைக்கும் வேகத்துக்கும் சிறிது உதவக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதே குடும்பத்து மருந்தான கிளென்பியூட்டெரோலைத் தசை வளர்க்கப் பாவித்துப் பிடிபட்டவர்கள் உலகமெங்கும் உண்டு. முட்டு இல்லாத ஒருவர் பம்ப்பைச் சாதாரண அளவில் அடித்துக்கொண்டு நீண்ட தூரம் ஓடினால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறார்கள். திறந்திருக்கிற கதவை இன்னும் எவ்வளவு திறக்க முடியும்? மருந்து மூடின கதவைத்தான் திறக்கிறது.

விதி சரியாக இருக்கலாம். அது எந்த வீட்டு வாசலில் வந்து விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சித்தாண்டியில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு முட்டென்றால் அலுமாரியில் எது இருக்கும்? பாமசியில் சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய காட் குளிசை, அல்லது சின்னவனுக்குத் தந்த பாணிப் போத்தலில் மிச்சம். பம்ப் என்பது காசு. அதற்கு மேல் ஒரு பயமும் உண்டு: "பம்ப் பழகினா விட ஏலாது", "பொம்புளப் புள்ளைக்குப் பம்ப் எண்டா நாளைக்குக் கலியாணம் பேசேக்க சொல்லுவாங்க." பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டையும் கேட்காத வருடம் இல்லை. 2022 நெருக்கடியில் ஆசுபத்திரியில் மருந்து தட்டுப்பாடாகி வெளியே எழுதிக்கொடுத்த நாட்களில், பம்ப்பில் இருந்த பிள்ளைகளும் குளிசைக்கே திரும்பிப் போனார்கள். ஆக, கொழும்பில் கிளினிக் போய்ப் பம்ப் அடிக்கிற பிள்ளை விதிக்குள் நிற்கிறது. அம்மா தந்த குளிசையை விழுங்கின எங்கள் பிள்ளை விதிக்கு வெளியே நிற்கிறது. இருவருக்கும் ஒரே வருத்தம், ஒரே மருந்து. நான் அநியாயம் என்று சொல்வது இதைத்தான்.

1990 இல் ஊரோடு இடம்பெயர்ந்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதியாக இருந்தபோது அம்மா சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தவை இரண்டு. ஒன்று என் தோடு. மற்றது ஒரு காட் குளிசை. அந்தத் தாயிடம் போய் ஊக்கமருந்து என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் நடந்திருக்கிறது. 2011 உலகக் கிண்ண அரையிறுதியில், கொழும்பில் நியூசிலாந்துடன் விளையாடியபோது எடுத்த மாதிரியில் உபுல் தரங்கவிடம் பிரெட்னிசோனும் பிரெட்னிசலோனும் இருந்தன. அவருக்கு ஆஸ்துமா இருப்பது தெரிந்ததால் முதலில் எல்லோரும் அந்த மருந்து என்றுதான் பேசினார்கள். விசாரணையில் வெளிவந்தது வேறு: தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்து ஒன்றுதான் காரணம். விளையாட்டில் முந்தும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை விசாரணை மன்றம் ஏற்றுக்கொண்டது. போதிய கவனம் எடுக்கவில்லை என்று மூன்று மாதத் தடை விதித்தது. தேசிய அணியில் வைத்தியரும் உடற்பயிற்சி நிபுணரும் சூழ இருந்த ஒருவருக்கே இந்தக் கதி. மூலிகை என்ற பெயரில் வருகிற தூளுக்குள் ஸ்டீரொய்ட் கலந்திருப்பது உலகத்தில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. நான் பரியாரி வைத்தியத்தைப் பழிப்பவள் இல்லை. ஆடாதோடை அவித்துக் குடித்து வளர்ந்தவள். முற்றத்தில் நீங்களே பிடுங்கி அவிக்கிற இலை வேறு, பெயர் ஒட்டாத பைக்கற்றில் "மூன்று நாளில் முட்டுப் போகும்" என்று விற்கிற தூள் வேறு. மூன்று நாளில் முட்டுப் போனால் அந்தத் தூளுக்குள் என்ன இருக்கிறது என்று பயப்படுங்கள்.

இதைவிட என் மனதை அறுப்பது 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்தது. றிக் டிமொண்ட், அமெரிக்க நீச்சல்காரன், 16 வயது. 400 மீற்றரை ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கில் வென்றான். முட்டுக்கு அவன் எடுத்துவந்த மாத்திரையில் எபெட்ரின் இருந்தது. அந்த மருந்தைத் தன் மருத்துவப் படிவத்தில் அவனே எழுதிக் கொடுத்திருந்தான். அணியின் பெரியவர்கள் அதை ஒலிம்பிக் அதிகாரிகளுக்குச் சொல்லவில்லை. தங்கம் பறிபோனது. அவனே உலகச் சாதனை வைத்திருந்த 1500 மீற்றரின் இறுதிப் போட்டியிலும் நீந்த விடவில்லை. பிழை தங்கள் பக்கம் என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு ஒப்புக்கொள்ள 2001 வரை எடுத்தது. பதக்கம் இன்னும் திரும்பி வரவில்லை. பிள்ளை எழுதிக்கொடுத்ததைப் பெரியவர்கள் படிக்கவில்லை. அந்த வரியை நான் வாசிக்கும்போதெல்லாம் மாகாணப் போட்டி மைதானத்தில் தலையாட்டிக்கொண்டு நின்ற நான்தான் ஞாபகத்துக்கு வருகிறேன்.

சந்தேகப்படுகிறவர்கள் காரணமில்லாமல் சந்தேகப்படுவதில்லை. நோர்வேயின் பனிச்சறுக்கு வீரர் மார்ட்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பி அணி வைத்தியர் சொன்னபடி நெபுலைசரால் அளவுக்கு மிஞ்சிய சல்பியூட்டமோல் எடுத்தார் என்று 2016 இல் விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதத் தடை. 2015 இல் அவர் வென்ற பட்டங்களும் போயின. ஆஸ்துமா உறுதியாகாதவர்களுக்கும் அந்த அணியில் மருந்து போகிறதா என்ற கேள்வி நோர்வேக்குள்ளேயே எழுந்தது. 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்கு நோர்வே அணியினர் 6000 தரத்துக்குப் போதுமான ஆஸ்துமா மருந்து கொண்டுபோனதாகச் செய்தி வந்தது. 39 பதக்கம் எடுத்தார்கள். பதக்கத்தை மருந்து தந்தது என்று நான் சொல்லவில்லை. வருடக் கணக்காகக் குளிர்ந்த உலர்காற்றை வாயால் இழுக்கிறவர்களுக்கும், குளோரின் ஆவிக்குள் நீந்துகிறவர்களுக்கும் அந்தப் பயிற்சியே குழாயைப் புண்ணாக்கி முட்டைக் கொண்டுவருகிறது. 2002 தொடக்கம் 2010 வரை நடந்த ஒலிம்பிக்குகளில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பேர் பம்ப் பாவித்ததற்கும், அவர்களில் பதக்கக்காரர் அதிகமாக இருந்ததற்கும் நிபுணர்கள் முக்கியமாகச் சொல்லும் விளக்கம் இதுதான்: அவர்கள் நீண்ட காலம் கடுமையாகப் பயின்றவர்கள்.

ஆனால் சைக்கிளோட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். 2014 இல் இத்தாலியச் சுற்றில் டியேகோ உலிசியின் சிறுநீரில் மில்லிலீற்றருக்கு 1900 நனோகிராம் சல்பியூட்டமோல் இருந்தது. எல்லை 1000. ஒன்பது மாதத் தடை. 2017 செப்டெம்பர் 7 இல் ஸ்பெயின் சுற்றில் கிறிஸ் ஃபுரூமிடம் 2000 இருந்தது. 2018 ஜூலையில் குற்றமில்லை என்று முடித்தார்கள். சிறுநீரின் செறிவைக் கணக்கிட்டால் அளவு குறைகிறது, அனுமதித்த அளவுக்குள் இழுத்தாலும் சிலரிடம் இப்படிக் கூடக்கூடும் என்று அவர் பக்கத்து நிபுணர்கள் பெரும் விளக்கம் கொடுத்தார்கள். ஃபுரூம் குற்றவாளி என்று நான் எழுத மாட்டேன். அந்த விளக்கத்தைத் தயாரிக்க வழக்கறிஞரும் விஞ்ஞானியும் வேண்டும், அவர்களை வைத்துக்கொள்ள அணியிடம் காசு வேண்டும். எங்கள் மாகாணத்து ஓட்டக்காரியிடம் 1500 என்று வந்தால் அவளுக்காக யார் எழுதுவார்கள்?

என் பிடிவாதம் ஒன்றைச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 2002 இல் ஒலிம்பிக்கில் பம்ப் பாவிக்க விரும்பியவர்கள் ஊதிக்காட்டும் சோதனையால் முட்டு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறகு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆய்வுகூடமும் வைத்தியரும் பக்கத்திலேயே இருக்கிற சர்வதேச மட்டத்துக்கு மட்டும். நெபுலைசரோடு லொறி நிறைய ஆட்கள் வருகிற அணி, தன் வீரனுக்கு வருத்தம் இருப்பதை ஒரு தாளில் காட்டுவது பாரமில்லை. பாடசாலை, மாவட்ட, மாகாண மட்டங்களில் அந்தத் தாளைக் கேட்கவே கூடாது. ஊதிப் பார்க்கும் மெசினுக்கு மட்டக்களப்பு நகரம் வரைக்கும் போக வேண்டிய பிள்ளையிடம் அதைக் கேட்டால், பிள்ளை பம்ப்பை ஒளித்துவைக்கும். ஒளித்துவைக்கிற பிள்ளை ஒருநாள் ஒன்பதாவது சுற்றில் விழும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் நீண்ட தூரம் ஓடக்கூடாது என்று இன்னமும் சொல்கிற ஆசிரியர்களுக்கு இரண்டு பெயர். பிரித்தானியாவின் போலா றட்கிளிஃப் சிறுவயதிலிருந்து முட்டுக்காரி. 2003 இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் மரதன் ஓடினார். பெண்களில் அந்த நேரத்தை மிஞ்ச உலகத்துக்குப் பதினாறு வருடம் பிடித்தது. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மரதனுக்கு வரமாட்டேன் என்றார், அந்த நகரத்தின் காற்று தன் மூச்சுக்கு ஆகாது என்று. ஒலிம்பிக் முடிந்த அடுத்த மாதமே பெர்லினில் 2:03:59 ஓடி உலகச் சாதனை வைத்தார். தன் நெஞ்சுக்கு எந்தக் காற்று ஆகும் என்று முடிவெடுக்கிற உரிமை அவருக்கு இருந்தது. பங்குனித் தூசியில் ஓட வைக்கப்படுகிற ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது இல்லை.

ஆகவே எங்கள் கல்வி அதிகாரிகளிடம் கேட்கிறேன். 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கையில் ஊக்கமருந்துத் தடுப்பு நடக்கிறது. அந்த விதி எங்கள் மைதானம் வரைக்கும் வருகிறதென்றால் அதைச் சொல்லும் தாளும் தமிழில் மைதானம் வரைக்கும் வரவேண்டும். ஒரே ஒரு பக்கம் போதும்: பம்ப் அடிக்கலாம், இத்தனை இழுப்பு. சல்பியூட்டமோல் குளிசையும் பாணியும் கூடாது. பிரெட்னிசலோன் எடுத்தால் கடிதம் வேண்டும். பம்ப்பைப் பறிக்க எந்த நடுவருக்கும் அதிகாரமில்லை. கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மரதனை வெட்டு முடிந்த பிறகு வையுங்கள், அல்லது காலை ஆறு மணிக்கு, நெல் காயாத உள்வீதியில் வையுங்கள். ஓட்டத்துக்கு முன் ஒரு நாள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவர் ஊதிப் பார்க்கும் சிறு குழாயோடு வந்தால் அரை நாளில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்து முடிக்கலாம்.

பெற்றோரிடமும் ஒன்று. நீலப் பம்ப் அவசரத்துக்கு. அதை மட்டுமே நாளாந்தம் அடித்துக்கொண்டிருப்பது வைத்தியம் ஆகாது. குழாயின் வீக்கத்தை ஆற்றுவது கிளினிக்கில் தருகிற மற்ற மருந்து, முட்டு இல்லாத நாளிலும் அதை இழுக்க வேண்டும். அதற்கு விளையாட்டு விதியில் தடையும் இல்லை. 2019 இல் உலகத்தில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 455,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் எங்களைப் போன்ற நாடுகளில். பம்ப்பின் முன்னால் வைக்கிற பிளாஸ்ரிக் கூட்டை வாங்க முடியாவிட்டால், 500 மில்லிலீற்றர் சோடாப் போத்தலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாக நுழையும்படி ஓட்டை போட்டால் போதும். தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் பிள்ளைகளிடம் சோதித்து, வாங்குகிற கூட்டுக்கு அது குறைவில்லை என்று 1999 இலேயே எழுதிவிட்டார்கள்.

அந்தப் பையன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். போன வருடம் விடுமுறையில் வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நீலப் பம்ப் வாங்கிக்கொண்டு வந்து தந்தான். ஒன்று பாவித்து முடிந்தது. மற்றது விளையாட்டு அறை அலுமாரியின் மேல்தட்டில், ஓட்டை போட்ட போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தட்டுக்கு நான் பூட்டுப் போடுவதில்லை.